அடித்தலும் திருத்தலும்



‘அடித்தல் திருத்தல் இன்றி அழகாக எழுதுக’ என்னும் கட்டளையைக் கேளாது வளர்ந்த மாணவர் நம் நாட்டில் மிகச் சிலரே. நம் ஆசிரியர்கள் அதனை நமக்குச் சொன்னார்கள். நாமும் ஆசிரியர்களாகிய பின்னர் நம் மாணவர்க்குச் சொன்னோம். கையெழுத்துத் துப்புரவாக இருத்தல் வேண்டும் என்ற நல்ல நோக்கத்தினின்றும் பிறந்த கட்டளை அது. ஆயினும், அக்கட்டளை அறியாமலே செய்துவிட்ட தீங்கு ஒன்றுண்டு. எழுத்து என்பது முதன்முறை எழுதும்போதே முற்றுப்பெற்றுவிட வேண்டும், அடித்து எழுதுதல் அறிவின்மைக்கு அடையாளம் என்ற எண்ணத்தை அது பிள்ளைகளின் நெஞ்சில் ஊன்றிவிட்டது. எழுதியதைத் திரும்ப நோக்கிச் செப்பஞ்செய்யும் பழக்கத்தை ஆசிரியராக வரவிருப்போர்க்கு எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அமைய, நடுவே கிடக்கும் மணற்பாங்கான ஊர்களுள் ஒன்று களுதாவளை. இங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில், தாழங்குடாவிலே, மட்டக்களப்புத் தேசிய கல்வியியற் கல்லூரி அமைந்துள்ளது. கல்வியியற் கல்லூரிகளில் பயிலும் ஆசிரிய மாணவர் கட்டுறு பயில்வுக் காலத்திலே பாடசாலைகளுக்கு வந்து, வகுப்பறையிலே நின்று தொழில் பழகுவர். அத்தகைய இளைஞரோடும் யுவதிகளோடும் பழகும் வாய்ப்பு, அதிபர் என்ற முறையில் எனக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்து வருகின்றது. பாடத்திட்டம் எழுதுவதிலும், கற்றல் உபகரணம் ஆக்குவதிலும் அவர்கள் வல்லவர்கள். ஆனால், கட்டுரைப் பாடம் என்று வந்துவிட்டாலோ, தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவதும், பின்னர் கொப்பிகளைச் சேர்த்துச் சிவப்பு மையால் திருத்துவதுமே அவர்கள் அறிந்த முறையாக இருக்கக் கண்டேன்.

ஆகவே, ஒருமுறை அவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். ‘நான் பாடசாலைக்கு வரும் வழி’ என்பது பற்றி ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டேன். மறுநாள் அத்தாள்களில் ஒரு கோடும் இடாது, புள்ளியும் வழங்காது, திருப்பிக் கொடுத்து, “இதனை இன்னும் நன்றாக எழுதி வாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர்கள் கொண்டுவந்தவை யாவை? அதே கட்டுரைகள். கையெழுத்து முன்னையினும் அழகாக இருந்தது. ஓரங்களில் கோடு கீறியிருந்தது. ‘மிக்க’ என்ற இடத்தில் ‘மிகுந்த’ என்றும், ‘பார்த்தேன்’ என்ற இடத்தில் ‘கண்ணுற்றேன்’ என்றும் இரண்டொரு சொற்கள் மாறியிருந்தன. வரிசை மாறவில்லை, எதுவும் நீங்கவில்லை, எதுவும் புதிதாகச் சேரவில்லை. அழகாகப் பிரதி பண்ணுவதையே திருத்தி எழுதுதல் என்று அவர்கள் கருதியிருந்தனர்.

அவர்களை நான் குறைகூற வரவில்லை. அந்த விதை நம்மால் விதைக்கப்பட்டது. என் கையாலேயே நான் அதனை விதைத்த ஒரு நாளை இங்கே சொல்லுதல் கடமை என எண்ணுகின்றேன்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எங்கள் கரையோரத்தை என்ன செய்தது என்பதை நேயர்கள் அறிவீர்கள். அடுத்த ஆண்டிலே, கரையோரப் பாடசாலையொன்றில் நான் தமிழ் கற்பித்து வந்தேன். ‘நான் விரும்பும் இடம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு வகுப்பிலே சொன்னேன். ஒரு சிறுவன் கடற்கரையைப் பற்றி எழுதியிருந்தான். கடல் அழகானது, அங்கே தோணிகள் உண்டு, மாலையிலே காற்று வீசும் என்று எல்லோரும் எழுதுவது போலவே எட்டு வரிகள். ஒன்பதாவது வரி, ‘இப்போது நாங்கள் அங்கே போவதிள்ளை’ என்றிருந்தது. அந்த ‘ள்ளை’யைச் சுழித்து ‘ல்லை’ என்று திருத்தினேன். மொத்தம் பதினொரு எழுத்துப் பிழைகள். ‘எழுத்துப் பிழைகளைக் கவனிக்க, திருத்தி எழுதுக’ என்று அடியிலே குறித்தேன். மறுநாள் அவன் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். பிழையொன்றும் இல்லை. ஒன்பதாவது வரியும் இல்லை. பிழைபட்ட இடத்தை விட்டுவிடுவதே பிழை வராதிருக்கும் வழி என்று அவன் கண்டுகொண்டான். ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பம் இட்டேன்.

அந்தக் கட்டுரையிலே அவனுக்கென்று உரிய வரி அது ஒன்றே. ஏன் போவதில்லை, யாரோடு முன்னர் போவாய் என்று நான் ஒரு கேள்வி கேட்டிருப்பின், எட்டு வரிகளும் உதிர்ந்து அந்த ஒரு வரியிலிருந்து ஒரு கட்டுரை பிறந்திருக்கும். நான் கேட்கவில்லை. பிழையைத் திருத்தினேன், எழுத்தை இழந்தேன். இதனை உணர எனக்குச் சில ஆண்டுகள் சென்றன.

நேயர்களே, திரும்ப நோக்கிச் செப்பஞ்செய்தல் மேனாட்டார் நமக்குப் புதிதாகக் காட்டியதன்று. நம் மரபிலே நூல் செய்தவன் அதனை அவையிலே அரங்கேற்றினான். அரங்கேற்றம் என்பது வெறும் விழாவன்று. கேட்போர் வினவ, ஆசிரியன் விடைகூற, குறை கண்டவிடத்துத் திருத்தம் பெறும் களம் அது. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் ஆராயப்பட்டது என்று அதன் சிறப்புப்பாயிரம் சொல்லும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும் அழகுகள் பத்து என்றும் வகுத்தார். வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல், வேண்டாததைப் பெருக்கிச் சொல்லுதல், சொன்னதையே சொல்லுதல், முன்னுக்குப் பின் முரணுதல், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தல், தொடங்கிய வேகம் போகப் போகத் தேய்தல் என்பன அவர் காட்டும் குற்றங்களுட் சில. இவற்றைப் பரீட்சைக்கு மனனம் பண்ணுகின்றோம். எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றுள் ஒன்றையேனும் தேடிப் பார்க்கின்றோமா? அவர் தந்த பட்டியல் செப்பஞ்செய்வார்க்குக் கைவிளக்கு அன்றோ?

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் முதன்முதல் பதிப்பித்தார். அப்பதிப்போடு அவர் அமைந்துவிடவில்லை. மேலும் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கித் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். நம் மண்ணின் மைந்தர் விபுலாநந்த அடிகள், காரைதீவிலே 1892இல் தோன்றியவர், பழந்தமிழ் இசைக்கருவியாகிய யாழின் இயல்பை நெடுங்காலம் ஆய்ந்து, கணித முறையோடு ஒப்பிட்டு, மீள மீள நோக்கியே யாழ்நூலை நிறைவு செய்தார். அந்நூல் 1947இல், அடிகள் மறைந்த அவ்வாண்டிலேயே, அரங்கேறியது. பேரறிஞர்க்கே பல்லாண்டு வேண்டியிருந்த செயலை, நாற்பது நிமிட நேரத்தில், அடித்தலின்றித் திருத்தலின்றிச் செய்து முடிக்குமாறு பத்து வயதுப் பிள்ளையைப் பணிக்கின்றோம்.

பெருநூல்களை விடுங்கள். எங்கள் மட்டக்களப்பு நாட்டுக் கூத்தையே நோக்குங்கள். அண்ணாவியார் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கிலே ஆட்டமும் பாட்டும் பழக்குவார். பின்னர் கிழமைக் கூத்து என்று ஊரார் முன்னிலையில் ஆடிப் பார்ப்பர். அரங்கேற்றத்துக்கு முன்பு ‘அடுக்குப் பார்த்தல்’ என்று முழுவதையும் ஒருமுறை நிறைவாக ஆடிப் பார்ப்பர். ஊர்ப் பெரியோர் கண்ட குறையைச் சொல்வர், அண்ணாவியார் திருத்துவார். அதன் பின்னரே களரி ஏறுதல். ஆசிரிய மாணவர்க்கு இதனைச் சொன்னவுடன் அவர்கள் முகத்திலே ஒரு தெளிவு தோன்றக் கண்டேன். “அப்படியானால் சேர், நாங்கள் பிள்ளைகளை அடுக்குப் பார்க்காமலே களரியில் ஏற்றிவிட்டோம்” என்றார் ஓர் இளைஞர். என் பேச்சின் சாரத்தை அவர் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார்.

மேனாட்டு ஆராய்ச்சியும் இதனையே வேறு வகையாற் காட்டியது. அமெரிக்க ஆய்வாளராகிய நான்சி சொமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்விலே, 20 மாணவரையும் எழுத்திலே அனுபவம் பெற்ற 20 பெரியோரையும் ஒப்பிட்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரைகளை எழுதி, ஒவ்வொன்றையும் இருமுறை திருத்தி எழுதினர். மாணவர் பெரும்பாலும் சொல்லை மாற்றினர். அனுபவம் உடையோரோ முழுக் கட்டுரையின் வடிவத்தையும் கருத்தின் ஓட்டத்தையும் படிப்போர் நிலையையும் நோக்கினர். முன்னவர்க்குத் திருத்தம் என்பது சொல்லைத் துப்புரவு செய்தல். பின்னவர்க்கு அது தாம் சொல்ல வந்தது யாது என்று கண்டறிதல். என் முன்னே வைக்கப்பட்ட அந்த அழகிய பிரதிகளின் விளக்கம் எனக்கு இங்கே கிடைத்தது.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். முதலாவதாக, இரண்டு வேலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று செப்பஞ்செய்தல், மற்றையது பிழைதிருத்தல். செப்பஞ்செய்தல் கருத்தைப் பற்றியது: எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது, எதை முன்வைப்பது. பிழைதிருத்தல் எழுத்தையும் சந்தியையும் நிறுத்தக் குறிகளையும் பற்றியது. இரண்டும் வேண்டியவையே. லகர ளகர ழகர வேறுபாட்டை நான் எளிதாகக் கருதுபவன் அல்லன். ஆனால், இரண்டினையும் ஒருங்கே செய்தல் கூடாது. செப்பஞ்செய்தல் முன்னும் பிழைதிருத்தல் பின்னும் நிகழ்தல் வேண்டும். வீடு கட்டுவோன் சுவரின் இடத்தை உறுதி செய்த பின்னரே வெள்ளை பூசுவான். நாளை நீக்கப்படவிருக்கும் வாக்கியத்தில் இன்று சந்தி திருத்துவது வீண் உழைப்பு. அன்றியும், சிவப்பு மையால் திருத்தப்பட்ட வாக்கியம் ஆசிரியரின் முத்திரை பெற்றுவிடுகின்றது. பின்பு அதனை நீக்கப் பிள்ளைக்குத் துணிவு வாராது.

இரண்டாவதாக, முதல் வரைவைப் பார்க்கும் ஆசிரியர் கையிலே பேனா இருத்தல் ஆகாது. வாயிலே கேள்வி இருத்தல் வேண்டும். ஏழாந் தர வகுப்பொன்றிலே ஆசிரிய மாணவர் பின்னிருந்து நோக்க, நான் ஒரு பாடம் நடத்தினேன். ‘எங்கள் தோட்டம்’ என்பது தலைப்பு. வெற்றிலைச் செய்கையாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, ‘எங்களுக்கு ஒரு தோட்டம் உண்டு. அது மிகவும் அழகானது. அங்கே வெற்றிலைக் கொடிகள் உண்டு. வெற்றிலை மிகவும் பயன் உள்ளது’ என்று எழுதியிருந்தாள். பிழையற்ற வரிகள்; உயிரற்ற வரிகள். “அந்தத் தோட்டத்திலே உனக்கு என்ன வேலை, பிள்ளை?” என்று கேட்டேன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றாள். பின்பு, “அம்மா வெத்திலை அடுக்குவா, சேர். நான் எண்ணிக் குடுப்பன். எண்ணிக்கை பிழைச்சா அப்பாவுக்குச் சந்தையில வெக்கம்” என்றாள். “இதை ஏன் நீ எழுதவில்லை?” என்றேன். “இதையும் எழுதலாமா?” என்று கேட்டாள்.

நேயர்களே, அந்தக் கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை. தன் வாழ்க்கை கட்டுரைக்கு உரியதன்று என்று அப்பிள்ளை எண்ணியிருந்தாள். அவளுடைய இரண்டாம் வரைவு, ‘எங்கள் தோட்டத்தில் எனக்கு ஒரு வேலை இருக்கின்றது. அது எண்ணுவது’ என்று தொடங்கியது. ‘மிகவும் அழகானது’ என்ற வரி தானாகவே மறைந்தது. ‘அதை நீக்கு’ என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது கிடைத்தவுடன், சொல்ல வேண்டாதது தானே விலகியது. அந்த இரண்டாம் வரைவிலே எழுத்துப் பிழைகள் முதல் வரைவிலும் மிகுதியாக இருந்தன என்பதையும் மறைக்காது சொல்லுகின்றேன். புதிய கருத்தைத் தேடிச் செல்லும் கை தடுமாறுவது இயல்பு. அதனைக் கண்டு ஆசிரியர் அஞ்சுதல் கூடாது. மூன்றாம் முறை அவளும் அவள் தோழியும் அகராதியை வைத்துக்கொண்டு அப்பிழைகளைத் தாமே களைந்தனர்.

மூன்றாவதாக, வகுப்பிலே கைக்கொள்ளத்தக்க சில எளிய ஒழுங்குகள் உள. முதல் வரைவை ஒரு வரி விட்டு ஒரு வரியாக எழுதச் செய்தல் நன்று. இடைவெளி இருந்தாலன்றிப் பிள்ளைக்குச் சேர்க்க மனம் வாராது. எழுதிய அன்றே திருத்தச் சொல்லாது, இரண்டொரு நாள் தாளை ஆறப்போடுதல் வேண்டும்; தன் எழுத்தைப் பிறர் எழுத்தாகக் காண அந்த இடைவெளி உதவும். பின்பு, வாய்விட்டுப் படித்தல் வேண்டும். கண் தாண்டிச் செல்லும் குறையை நாவும் செவியும் பிடித்து நிறுத்தும். அதன்பின், இருவர் இருவராக இருத்தி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லச் செய்யலாம். எந்த இடம் மனத்தில் நின்றது? எந்த இடம் விளங்கவில்லை? இன்னும் எதை அறிய விரும்புகின்றாய்? இவ்வளவே. ‘நன்று’ என்றும் ‘தீது’ என்றும் தீர்ப்புச் சொல்லுதல் அவர்கள் வேலையன்று. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே ஓர் ஆசிரியர் நாற்பது பேரிடமும் கேள்வி கேட்டல் இயலாது என்பர். உண்மை. ஆனால், நாற்பது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டல் இயலும். ஆசிரியர் நாளொன்றுக்கு ஐவரிடம் இருந்து பேசினாற் போதும். எட்டு நாளில் வகுப்பு முடிந்துவிடும்.

பரீட்சை என்று ஒன்று இருக்கின்றதே, அங்கே இரண்டாம் வரைவுக்கு நேரம் ஏது என்று கேட்போரும் உளர். தரம் ஐந்துப் புலமைப்பரிசிற் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் நம் பெற்றோர் நெஞ்சை எவ்வளவு அழுத்துகின்றன என்பதை அதிபராகிய நான் நன்கறிவேன். அவர்களுக்கு என் விடை இது: பலமுறை செப்பஞ்செய்து பழகிய பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்திலே முதல் வரியை எழுதுமுன்பே உள்ளத்தில் அக்கேள்விகள் எழும். ‘மிகவும் அழகானது’ என்று எழுதப் போகும் கை தானே தயங்கும். களரியிலே அண்ணாவியார் அருகில் நின்று ஆட்டம் சொல்லிக் கொடுப்பதில்லை. பழகிய கால்கள் தாமே ஆடும். மனனம் பண்ணிய கட்டுரையோ தலைப்புச் சிறிது மாறினாலும் கைவிட்டுவிடும்.

நான்காவதாகச் சொல்வது, ஆசிரியரைப் பயிற்றுவோர்க்கு மிக முக்கியமானது. தான் திருத்தி எழுதிப் பழகாத ஒருவர், திருத்தி எழுதுமாறு பிறர்க்குக் கற்பித்தல் இயலாது. நீந்தத் தெரியாதவர் கரையில் நின்று நீச்சல் கற்பிப்பதற்கு அது ஒப்பாகும். ஆகவே, ‘செப்பஞ்செய்தலின் படிமுறைகள்’ என்று குறிப்புக் கொடுத்து ஆசிரிய மாணவரை எழுதிக்கொள்ளச் செய்வதால் யாதும் விளையாது. அவர்களையே எழுதச் செய்து, அவர்களையே வெட்டச் செய்து, அந்த வெட்டின் நோவையும் பின்வரும் தெளிவையும் அவர்களே அறியச் செய்தல் வேண்டும்.

முன்னர் நான் சொன்ன அந்த அழகிய பிரதிகளை மூன்றாம் முறையாகத் திருப்பிக் கொடுத்தபோது, ஒவ்வொரு தாளிலும் ஒரு கேள்வியை மட்டும் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். ஆசிரிய மாணவி ஒருவர் தம் வழியைப் பற்றி எழுதுகையில், காலைப் பொழுதின் வனப்பை நான்கு வரிகளில் புனைந்துவிட்டு, ஐந்தாம் வரியிலே, பேருந்துக்குக் காத்திருக்கும்போது தம் தந்தையார் தெருவோரத்தில் நின்று தம்மை ஏற்றிவிட்ட பின்பே தோட்டத்துக்குச் செல்வார் என்று போகிற போக்கிலே குறித்திருந்தார். ‘அவர் ஏன் நிற்கின்றார்?’ என்று எழுதினேன். அவர் மூன்றாம் வரைவில் முதல் நான்கு வரிகளையும் நீக்கி, ஐந்தாம் வரியிலே கட்டுரையைத் தொடங்கினார். ‘அந்த நான்கு வரிகளை அடிக்க எனக்கு அரை மணி நேரம் சென்றது’ என்று அடியிலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அந்த அரை மணி நேரமே அவருக்கு உண்மையான ஆசிரியப் பயிற்சி என்று நான் கருதுகின்றேன். இனி அவர் வகுப்பிலே ஒரு பிள்ளை தன் வரியை நீக்கத் தயங்கினால், அத்தயக்கம் எத்தகையது என்பதை அவர் அறிவார்.

ஆசிரியர் தம் வரைவையும் பிள்ளைகளுக்குக் காட்டுதல் வேண்டும். கரும்பலகையிலே ஒரு பந்தியை எழுதி, அவர்கள் கண்முன்னே அடித்து, மாற்றி, மீண்டும் அடித்து எழுதுக. “சேரும் பிழை விடுவாரா?” என்று பிள்ளைகள் வியப்பர். வியக்கட்டும். ஆசிரியர் மதிப்பு அதனாற் குறைவதில்லை. அடித்தல் என்பது தோல்வியன்று, சிந்தனையின் சுவடு என்று அவர்கள் அன்றே கற்றுக்கொள்வர்.

கற்பலகையில் எழுதிய காலத்திலே பிள்ளைகள் அச்சமின்றி அழித்து எழுதினர். கொப்பி வந்தது, அழித்தல் குற்றமாயிற்று. அந்தக் குற்றவுணர்ச்சியை நீக்குவது ஆசிரியராகிய நம் கையில் இருக்கின்றது. அழகிய பிரதி வேண்டாம் என்பதன்று என் கருத்து. அது இறுதியில் வரட்டும். அதற்கு முன்னே, வெட்டும் கீறலும் அம்புக்குறியுமாக ஒரு தாள் இருக்கட்டும். அத்தாளையும் பிள்ளை பேணி வைக்கட்டும்; அதற்கும் ஒரு புள்ளி வழங்குவோம்.

எட்டு வரிகளை வைத்துக்கொண்டு ஒன்பதாவது வரியை விட்டுவிட்ட அச்சிறுவன் இன்று முப்பது வயதை அணுகும் இளைஞனாக இருப்பான். அவனிடம் நான் கேளாது விட்ட கேள்வியை இனி அவனிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால், என் பாடசாலைக்கு வரும் ஒவ்வொரு ஆசிரிய மாணவரிடமும் அக்கதையைச் சொல்லி வருகின்றேன். கொப்பிக் கட்டை முன்னால் வைத்துச் சிவப்புப் பேனாவை எடுக்கும் கை ஒரு கணம் தயங்கி, முதலில் அந்த வரியைத் தேடுமாயின், அதுவே எனக்கு ஆறுதல்.